கார்டு தேட வேண்டாம், கடிதம் கேளுங்கள்
முட்டிவலி, பக்கவாதம், கீழே விழுதல்: அரசாங்கச் செலவில் பிசியோ சிகிச்சை பெறும் வழி

(சுங்கை சிப்புட் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் அரசாங்க பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை)

காலை நீட்டி உட்கார வேண்டியவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நடக்க வேண்டியவர்கள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். இது முட்டிவலிக்காரர்களின் கூட்டம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

உள்ளே வரும்போதே ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, கவர்மெண்ட் இன்சூரன்ஸ் எடுத்துக்கிற பிசியோ கிளினிக் நம்ம ஊர்ல எங்க இருக்கு?" வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் சொன்னாளாம், அங்கே வயதானவர்களுக்கு அரசாங்க இன்சூரன்ஸ் கார்டு உண்டு, அதை ஏற்றுக்கொள்ளும் கிளினிக்கைத் தேடிப் போகவேண்டும் என்று. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்று சொல்வார்கள். அதைக் கேட்டு நமக்கும் அப்படி ஒரு கார்டு எங்கேயோ இருக்கிறது, நாம்தான் வாங்காமல் விட்டுவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மலேசியாவில் எல்லாருக்கும் பொதுவான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு என்று ஒன்று கிடையாது. அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் அரசாங்கமே வரிப்பணத்தில் மருத்துவமனையும் கிளினிக்கும் நடத்துகிறது. உங்கள் அடையாளக் கார்டுதான் அந்தக் கார்டு. அதோடு இன்னும் ஒன்று வேண்டும், டாக்டர் எழுதும் ஒரு கடிதம். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

தோட்டத்தில் இருந்த டிரசர்

இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் எல்பில், ஹேவூட், கமுனிங், டோவன்பி என்று ஏதாவது ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் அல்லது வேலை செய்தவர்கள். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்தீர்கள். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டினீர்கள். தாழ்ந்த வெட்டுக்கு முட்டியை மடக்கிக் குனிந்தீர்கள், உயர்ந்த வெட்டுக்குத் தோளைத் தூக்கினீர்கள். பிறகு பால் வாளியைக் காண்டாவில் மாட்டி மேடு பள்ளம் ஏறி ஸ்டோருக்குச் சுமந்தீர்கள். செம்பனை வந்தபிறகு குலை தள்ளினீர்கள், மருந்து டாங்கியை முதுகில் கட்டினீர்கள். இன்று முட்டி வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது, தோள் தூக்க முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முப்பது நாற்பது வருஷ வேலை அந்த மூட்டுகளில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் இருந்தார். அவரால் முடிந்தால் அவரே பார்ப்பார். முடியாவிட்டால் ஒரு துண்டு எழுதி, லாரியிலோ வேனிலோ ஏற்றி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் காலியானது, நாம் தாமானுக்கு வந்தோம். டிரசரும் இல்லை, அந்தத் துண்டும் இல்லை. இப்போது நமக்கு யாரும் தானாக எழுதித் தரமாட்டார்கள். நாம்தான் கேட்டு வாங்கவேண்டும். பலர் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை.

என் வீட்டுக் கதை

என் அப்பா தோட்டத்தில் மருந்தடி வேலை செய்தவர். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். வெளியே வரும்போது மாத்திரைப் பையோடு ஒரு சின்னக் கார்டும் கொடுத்தார்கள். அதில் பிசியோவுக்கு வரவேண்டிய தேதி இருந்தது. நாங்கள் மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தோம். கார்டு பைக்குள்ளேயே கிடந்தது. அது என்ன என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

பிறகு அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று எண்ணெய் தேய்ப்பவரிடம் போனோம். அதன்பின் ஒரு கடை. சூடான படுக்கை, கரண்ட் வைக்கும் பெல்ட், இருபது தடவைக்கு ஒரு பேக்கேஜ். அம்மாவின் இரண்டு வளையல்கள் அதற்குப் போயின. மூன்று மாதம் கழித்து மருந்து வாங்கப் போனபோது ஒரு மிஸ்ஸி அந்தக் கார்டைப் பார்த்து, "ஏன் பிசியோவுக்கு வரவில்லை?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அதற்குள் தோள்மூட்டு இறுகிவிட்டது, விரல்கள் மடங்கிவிட்டன. பிறகு போய்ப் பயிற்சி செய்ததில் அப்பா கோல் ஊன்றி நடந்தார், கோயிலுக்குத் தானே போனார். ஆனால் கடைசிவரை வலது கையால் சோறு பிசைந்து சாப்பிடவில்லை.

அந்தக் கார்டுக்கு எங்களுக்கு எந்தச் செலவும் ஆகியிருக்காது. அதை யாராவது ஒருவர் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் போதும். அதனால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன், இன்று இங்கே வந்திருப்பதும் அதனால்தான்.

பிசியோ யாருக்குத் தேவை?

பிசியோ என்றால் பிடித்துவிடுவது, எண்ணெய் போடுவது அல்ல. உடம்பில் எந்தத் தசை பலம் இழந்திருக்கிறது, எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று சோதித்து, அதற்கான பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, மறுபடியும் நடக்கவும் எழவும் வேலை செய்யவும் பழக்குவது. இவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்:

பக்கவாதம் வந்தவர்கள். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் மிக வேகமாக வரும். அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக வரும். ஆகவே மருத்துவமனையை விட்டு வெளியே வந்த முதல் வாரத்திலேயே தேதி கையில் இருக்கவேண்டும்.

முட்டித் தேய்மானம் உள்ளவர்கள். "தேய்ந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது" என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. தொடையின் முன்தசை பலமாக இருந்தால் முட்டிக்குச் சுமை குறையும். மாத்திரைக்கும் ஆப்பரேஷனுக்கும் முன்னால் செய்யவேண்டிய முதல் சிகிச்சையே பயிற்சிதான்.

தோள் இறுகியவர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சீலை செருக முடியவில்லை, தலை வார முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கீழே விழுந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், ஆப்பரேஷன் செய்தவர்கள். ஒரு வருஷத்தில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தீர்கள் என்றால், எலும்பு முறியாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்றாவது தடவை முறியலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், பிசியோவையும் தேடாதீர்கள், கிளினிக் வரிசையிலும் நிற்காதீர்கள். உடனே 999 கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி சிலருக்குப் போடலாம். ஆனால் முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எப்போது ஆரம்பித்தது என்ற மணியை மறக்காமல் சொல்லுங்கள். ஊசி வேண்டாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களைத்தான் நான் பிறகு சக்கர நாற்காலியில் பார்க்கிறேன்.

எங்கே போவது? நான்கு படிகள்

முதல் படி, அரசாங்க சுகாதாரக் கிளினிக். சுங்கை சிப்புட்டில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்கோ, உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள கிளினிக்குக்கோ போங்கள். ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் ஏற்கெனவே மாதாமாதம் போகிறீர்கள் என்றால் தனியாகப் போக வேண்டியதில்லை. அதே நாளில் கேளுங்கள். மைசெஜாத்ரா செயலியில் தேதி எடுக்கப் பேரப்பிள்ளைகளை உதவச் சொல்லுங்கள்.

இரண்டாவது படி, கேட்பது. நம்மவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஓகே டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மருந்து மட்டும் வரும். அப்படிச் செய்யாதீர்கள். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை." "மாடிப்படி ஏற முடியவில்லை." "போன மாதம் இரண்டு தடவை விழுந்தேன்." பிறகு கேளுங்கள். மலாயில் கேட்க வேண்டுமென்றால் இவ்வளவுதான்: "டாக்டர், போலே ருஜுக் சாயா கெ ஃபிசியோதெராபி?" என்னைப் பிசியோவுக்கு அனுப்ப முடியுமா என்று அர்த்தம். எல்லாரும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வாய் கூசினால் இந்தத் துண்டறிக்கையை டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் சோதித்துவிட்டுக் கடிதம் எழுதுவார். அதற்கு சுராட் ருஜுக்கான் என்று பெயர். இதுதான் பழைய டிரசர் எழுதிய துண்டு. அரசாங்கப் பிசியோ பிரிவில் இது இல்லாமல் பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவது படி, கடிதத்தை எடுத்துக்கொண்டு பிசியோ பிரிவில் பதிவது. சில கிளினிக்குகளிலேயே பிசியோ இருக்கும். இல்லாவிட்டால் சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கு எழுதுவார்கள். எலும்பு நிபுணரையோ மறுவாழ்வு நிபுணரையோ பார்க்க வேண்டியவர்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீங்கள் இன்னும் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். பலகையில் "ஃபிசியோதெராபி" என்று இருக்கும். பக்கத்திலேயே "பெமுலிஹான் சாராகெர்ஜா" என்று இன்னொரு பலகை இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது கைவேலை, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் பிரிவு. பக்கவாதம் வந்தவர்களுக்கு இரண்டும் தேவைப்படும்.

நான்காவது படி, தேதி. கடிதம் கொடுத்த அன்றே சிகிச்சை தொடங்கும் என்று சொல்ல முடியாது. அவசரமானவர்களுக்கு முன்னால் தேதி கிடைக்கும், பழைய முட்டிவலிக்குப் பின்னால் கிடைக்கும். புதிதாகப் பக்கவாதம் வந்தவருக்கோ ஆப்பரேஷன் ஆனவருக்கோ தேதி மிகத் தள்ளி இருந்தால், கோபப்படாமல் முகப்பில் அதைச் சொல்லுங்கள். யாராவது வராமல் போனால் அந்த இடத்தைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். போன் நம்பர் மாறியிருந்தால் புதிய நம்பரைக் கொடுங்கள். கூப்பிட்டுக் கிடைக்காமல் தேதி போனவர்கள் நிறைய உண்டு.

எவ்வளவு செலவாகும்?

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சாதாரணப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். 60 வயது நிறைந்தவர்களுக்கு இந்த வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் இல்லை. மைகார்டைக் காட்டினால் போதும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். தனியார் டாக்டர் எழுதிய கடிதத்தோடு அரசாங்க நிபுணரைப் பார்க்கப் போனால் முதல் தடவைக்கு 30 ரிங்கிட் கட்டணம் உண்டு. ஆகவே அவசரம் இல்லை என்றால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்தே கடிதம் வாங்குங்கள்.

இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களுக்குக் கட்டணம் வேறாக இருக்கலாம். அதற்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பதிவு முகப்பில் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய மருத்துவமனையில் மருத்துவ சமூகநலப் பிரிவு என்று ஒன்று உண்டு. பணம் கட்ட முடியாதவர்களின் நிலையை விசாரித்து உதவுவதுதான் அவர்கள் வேலை. அவர்களைப் பார்க்கவேண்டும் என்று டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ சொல்லுங்கள்.

சொக்சோ: இதுதான் உண்மையில் இன்சூரன்ஸ்

அரசாங்கச் சார்பில் இன்சூரன்ஸ் போல நடக்கும் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் சொக்சோ, மலாயில் பெர்கேசோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். வேலையில் அடிபட்டாலோ, வேலைக்குப் போகும் வழியில், திரும்பி வரும் வழியில் விபத்து நடந்தாலோ சிகிச்சைச் செலவைச் சொக்சோ ஏற்கும். அரசாங்க மருத்துவமனையிலோ, சொக்சோவின் பேனல் கிளினிக்கிலோ பார்க்கலாம். பிசியோவும், செயற்கைக் கை கால் போன்றவையும் இதில் அடங்கும்.

"நாங்கள்தான் வேலையை விட்டுவிட்டோமே" என்பீர்கள். மூன்று விதமானவர்களுக்கு இது பொருந்தும். முதலாவது, 60 வயதைத் தாண்டியும் செக்யூரிட்டியாக, கிளீனராக, தோட்ட வேலையில் இருப்பவர்கள். உங்கள் முதலாளி உங்களுக்கும் வேலைவிபத்துச் சந்தா கட்டவேண்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் அவரிடம் கேளுங்கள். இரண்டாவது, முன்பு வேலையில் அடிபட்டு இன்னும் சொக்சோ பணம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். அந்தக் காயத்தால் இன்றைக்கும் தொல்லை இருந்தால் மறுவாழ்வுச் சிகிச்சை பற்றிச் சொக்சோ ஆபீசில் கேட்கலாம். மூன்றாவது, உங்கள் பிள்ளைகள். மகன் மோட்டார் சைக்கிளில் ஃபேக்டரிக்குப் போகும்போது விழுந்தால், அது "ரோட்டு விபத்து" என்று விட்டுவிடாமல் முதலாளி மூலம் சொக்சோவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 2007-இல் இருந்து "மீண்டும் வேலைக்கு" என்ற திட்டமும் அவர்களிடம் இருக்கிறது. ஒருவருக்கு ஓர் அதிகாரி பொறுப்பேற்று, சிகிச்சையிலிருந்து வேலை கிடைக்கும்வரை கூடவே வருவார்.

சொக்சோவுக்கு மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று முன்பு கேட்பார்கள். இப்போது ஈப்போ மேரு ராயாவிலும் ஒரு மையம் வந்துவிட்டது. நடக்க முடியாதவர்களைக் கட்டி நிறுத்தி நடக்கப் பழக்கும் இயந்திரக் கருவிகள் அங்கே உண்டு. ஆனால் நேரே போய் நிற்காதீர்கள். முதலில் ஈப்போவில் உள்ள சொக்சோ ஆபீசில் கேளுங்கள்.

மற்ற மூன்று வழிகள்

அரசாங்க பென்ஷன்காரர்கள். ரயில்வே, பொதுப்பணி, பள்ளிக்கூடம், நகராண்மை என்று அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களின் துணைவர்களும் பென்ஷன் கார்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் இல்லாத ஒரு கருவியோ மருந்தோ தேவை என்று அரசாங்க டாக்டர் எழுதினால், அதற்குப் பொதுச் சேவைத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

பெக்கா பி40. அரசாங்கத்தின் சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் அவர்களின் கணவன் மனைவிக்கும், 40 வயது நிறைந்திருந்தால், இது உண்டு. இலவச உடல் பரிசோதனை கிடைக்கும். அரசாங்க மருத்துவமனையில் ஆப்பரேஷனுக்கு வெளியிலிருந்து கருவி வாங்க வேண்டியிருந்தால் 20,000 ரிங்கிட் வரை உதவி கிடைக்கும். விண்ணப்பத்தை மருத்துவமனை டாக்டர் மூலமே அனுப்பவேண்டும். இதைத் தனியார் பிசியோ கடைக்குக் காட்டிச் சிகிச்சை பெற முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓகேயு கார்டு. பக்கவாதம், கால் இழப்பு போன்றவற்றால் நிரந்தரமாக இயலாமை வந்தவர்கள் சமூகநலத் துறையில் பதிந்துகொள்ளலாம். அரசாங்க டாக்டர் பாரத்தை நிரப்பித் தருவார். நம்மவர்கள் இதை அவமானமாக நினைக்கிறார்கள். அவமானம் ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்றவற்றுக்கு உதவி கேட்க இந்தப் பதிவு வேண்டும்.

எழவே முடியாதவர்களுக்கு

இங்கே வந்திருப்பவர்கள் எப்படியோ வந்துவிட்டீர்கள். வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து படுக்கையிலேயே இருப்பவர்களுக்காகச் சுகாதாரக் கிளினிக்குகளில் வீடு தேடி வரும் சேவை 2014-இல் தொடங்கியது. மலாயில் பெராவாத்தான் டொமிசிலியாரி என்பார்கள். மிஸ்ஸி வருவார், தேவைப்பட்டால் பிசியோவும் வருவார். நோயாளியின் நிலை சீராக இருக்கவேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கவேண்டும், வீடு கிளினிக்கின் எல்லைக்குள் இருக்கவேண்டும். அவர்கள் வந்து எல்லாக் காலத்துக்கும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். வீட்டில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, கையைப் பிடித்து இழுக்காமல் எப்படித் தூக்குவது என்று.

மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் நாளிலேயே இதைக் கேட்கவேண்டும். "வீட்டுக்கு வரும் குழு எங்களுக்குக் கிடைக்குமா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

தனியாரிடம் போவதானால்

பிள்ளைகள் பணம் தருகிறார்கள், ஈப்போவில் தனியாரிடம் போகிறோம் என்றால் அதில் தவறில்லை. சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடியாது. 2016-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில் சட்டத்தின்படி அவர் பதிந்திருக்கவேண்டும், தொழில் செய்யும் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். "சர்ட்டிஃபிகேட் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்லவர் கோபப்படமாட்டார்.

முதல் நாளிலேயே இருபது, முப்பது தடவைக்குப் பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையாகக் கட்டுங்கள். நீங்கள் படுத்தே இருந்து இயந்திரம் மட்டும் வேலை செய்தால் யோசியுங்கள். வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லித்தராதவர் உங்களைக் குணப்படுத்தப் பார்க்கவில்லை, திரும்பத் திரும்ப வரவைக்கப் பார்க்கிறார்.

பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த மெடிக்கல் கார்டு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பார்ப்பதற்குத்தான். வெளியில் செய்யும் பிசியோவுக்குக் கொடுக்குமா, எத்தனை நாள்வரை கொடுக்கும் என்று முன்னால் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. நாசாம் என்ற மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம் 1996-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவரே பக்கவாதத்திலிருந்து மீண்டவர். ஈப்போவிலும் அவர்களுக்கு மையம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்கள் அங்கே சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள். தனியாக வீட்டில் அழுதுகொண்டிருப்பதைவிட அது நல்லது.

போவதைவிடத் தொடர்வது கஷ்டம்

உண்மையைச் சொல்கிறேன். கடிதம் வாங்கியவர்களில் பலர் இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். மகன் லீவு போடவேண்டும், கிராப் காருக்குக் காசு, பஸ் ஏற முடியவில்லை. "என்னால் பிள்ளைக்குத் தொந்தரவு" என்ற நினைப்பு. இதை வாய்விட்டு எங்களிடம் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் உங்களுக்கு அக்கறை இல்லை என்று பைல் மூடப்படும். சொன்னால் வாரம் ஒரு தடவையை மாதம் ஒரு தடவையாக மாற்றி, வீட்டுப் பயிற்சியை அதிகமாக்கலாம். ஈப்போவில் தொடங்கிய சிகிச்சையைச் சுங்கை சிப்புட்டுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். ஒரே தாமானில் இருவர் போகிறீர்கள் என்றால் ஒரே நாளில் தேதி கேட்டு ஒரே காரில் போங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இன்று இரண்டு மணி நேரம் அப்பாவைப் பிசியோவுக்குக் கூட்டிப்போவது கஷ்டமாகத் தெரியும். அவர் விழுந்து படுத்துவிட்டால் இரண்டு வருஷம் தூக்கவேண்டும்.

இன்றே தொடங்கக்கூடிய இரண்டு பயிற்சிகள்

ஒரு நாற்காலியை வைத்தே செய்யலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர்களும், புதிதாக ஆப்பரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

ஒன்று. நேராக உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நீட்டுங்கள். தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை.

இரண்டு. சுவரோடு ஒட்டிவைத்த, சக்கரம் இல்லாத நாற்காலி. முன்னால் கனமான மேசை. மேசையைப் பிடித்தபடி எழுந்து நில்லுங்கள், பிறகு தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். ஐந்து தடவையில் ஆரம்பியுங்கள். கழிப்பறையில் தானாக எழ முடிகிறவர்தான் கடைசிவரை தன் காலில் நிற்பவர். மரம் வெட்டிய காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தீர்கள்! அந்தப் பலத்தில் ஒரு பங்கையாவது திரும்பப் பெறலாம்.

லேசான வலி வரலாம். இரவு முழுதும் வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"எனக்கு 78 வயது. இனிமேல் பிசியோ செய்து என்ன ஆகப்போகிறது?"
எழுபது, எண்பது வயதிலும் தசை பலம் பெறும். ஓட வைப்பது நோக்கமல்ல. நீங்களே குளிக்கவேண்டும், நீங்களே சாமி கும்பிட நிற்கவேண்டும். அதற்கு வயது தடையில்லை, ஐயா.

"பிசியோ செய்தால் முட்டி இன்னும் தேயாதா?"
சரியாகச் செய்தால் தேயாது. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் தசை கரையும், எடை கூடும், முட்டிக்குச் சுமை ஏறும்.

"எனக்கு மலாய் பேச வராது. டாக்டர் பேசுவதும் புரியவில்லை."
புரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டு டாக்டரிடம் கொடுங்கள். முக்கியமாக, கையில் கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

மைகார்டு. பென்ஷன்காரர்கள் பென்ஷன் கார்டு, ஓகேயு உள்ளவர்கள் அந்தக் கார்டு.
டாக்டரின் கடிதம், தேதி எழுதிய கார்டு.
சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், எக்ஸ்ரே இருந்தால் அதுவும்.
தொளதொளப்பான கால்சட்டை அல்லது கைலி, வழுக்காத செருப்பு. இறுக்கமான சீலையில் பயிற்சி செய்ய முடியாது.
கோல் வைத்திருப்பவர்கள் கோலோடு வாருங்கள். உயரம் சரியா என்று பார்த்துத் தருவோம்.

பெரியவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். அடியில் ஏதாவது கார்டு, ஏதாவது துண்டு கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் கிளினிக்குக்குப் போங்கள். தேதி போய்விட்டது என்று தயங்காதீர்கள், புதுத் தேதி தருவார்கள்.